லேக்வுட்: பக்கத்து ஊருக்குப் பயந்து பிறந்த நகரம் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

கலிஃபோர்னியாவின் லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டியில், ஆர்டீசியாவின் பயனியர் பூலவார்டில் புடவைக் கடைகளைச் சுற்றிவிட்டு, சவுத் ஸ்ட்ரீட் வழியாக மேற்கே காரை விட்டால் கால் மணி நேரத்துக்குள் ஆர்டீசியா, செரிட்டோஸ், லேக்வுட், லாங் பீச் என நான்கு நகரங்களைத் தாண்டிவிடலாம். எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்கியது என்று கண்ணுக்குத் தெரியாது. அதே அகலமான சாலை, அதே ஓட்டு வீடுகள். ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனி மேயர், தனி மன்றம், தனி பட்ஜெட். இந்தப் பக்கம் புதிதாகக் குடிவந்தவர்கள் எப்போதாவது ஒருமுறை கேட்டுவிடுவார்கள்: "இத்தனை குட்டி நகரங்கள் எதற்கு?" பதிலின் பெரும்பகுதி லேக்வுட்டில் இருக்கிறது. அதனால் அதை மட்டும் எடுத்துக்கொண்டு, வழக்கமாக வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

1954-இல்தான் லேக்வுட் நகரமானது என்கிறார்கள். அதற்கு முன்பே ஊர் இருந்ததே?

ஊர் இருந்தது, நகரம் இல்லை. கலிஃபோர்னியாவில் இரண்டும் ஒன்றல்ல. மாநிலம் முழுவதும் கவுன்டிகளாக, நம் ஊர் மாவட்டங்கள் மாதிரி, பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு கவுன்டிக்குள் மக்கள் மனுப்போட்டு, வாக்களித்து, எல்லை வகுத்துக்கொண்ட இடங்கள் மட்டுமே நகரங்கள். மீதி நிலம் எல்லாம் நேரடியாகக் கவுன்டியின் கையில். அங்கே எத்தனை ஆயிரம் பேர் வாழ்ந்தாலும் சட்டப்படி நகரம் கிடையாது. தெருவிளக்கு வேண்டும் என்றாலும், பக்கத்து மனையில் என்ன கட்டலாம் என்று முடிவு செய்ய வேண்டும் என்றாலும், கவுன்டியை ஆளும் ஐந்து பேர் குழுவிடம்தான் போக வேண்டும். தமிழ்நாட்டில் அரசாணை வந்தால் பேரூராட்சி நகராட்சியாகிவிடும். இங்கே மேலிருந்து யாரும் தூக்கிவிட மாட்டார்கள், குடியிருப்பவர்களே கேட்டு வாங்க வேண்டும்.

1953-இல் லேக்வுட்டில் எழுபதாயிரம் பேர் இருந்தார்கள். அவர்களுக்கென்று ஒரு மேயர்கூட இல்லை.

அவ்வளவு பேர் எங்கிருந்து வந்தார்கள்?

பீன்ஸ் வயலிலிருந்து என்றுதான் சொல்ல வேண்டும். 1949 வரை அது பெரும்பாலும் மொன்டானா லேண்ட் கம்பெனியின் விவசாய நிலம். மொன்டானா செப்புச் சுரங்க முதலாளியும் செனட்டருமான வில்லியம் கிளார்க்கின் குடும்பச் சொத்து. ஒரு மூலையில் 1930-களில் லேக்வுட் வில்லேஜ் என்ற சின்னக் குடியிருப்பு எழுந்திருந்தது. இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், கடைசியில் ஒரு குழப்பம் வரும்.

பிறகு லூயிஸ் போயர், மார்க் டேப்பர், பென் வைன்கார்ட் என்ற மூன்று பேர் 3,500 ஏக்கரை வாங்கினார்கள். 1950-இல் குருத்தோலை ஞாயிறன்று விற்பனை அலுவலகத்தைத் திறந்தபோது 25,000 பேர் வந்து நின்றார்கள். போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்கு முன்பணம் இல்லாமல் கடன் கிடைத்த காலம். பக்கத்திலேயே லாங் பீச்சில் டக்ளஸ் விமானத் தொழிற்சாலை.

வீடு கட்டிய வேகம் இன்றைக்கும் நம்பக் கஷ்டம். மனை 50 அடிக்கு 100 அடி. அஸ்திவாரப் பள்ளத்தை இயந்திரம் கால் மணி நேரத்தில் தோண்டிவிடும். அது நகர்ந்ததும் கான்கிரீட் ஊற்றும் குழு வரும், அதன் பின்னால் மரச்சட்டம் அடிக்கும் குழு, அதன் பின்னால் கூரை போடுபவர்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரே ஒரு வேலை, அதை வீட்டுக்கு வீடு செய்துகொண்டே தெருவோடு நகர்வார்கள். கார் தொழிற்சாலையில் கார் நகரும், ஆட்கள் நிற்பார்கள். இங்கே வீடு நின்றது, ஆட்கள் நகர்ந்தார்கள். நாளொன்றுக்கு ஐம்பது வீடு வரை முடிந்தது. மூன்றே ஆண்டுகளில் 17,500 வீடுகள். நடுவில் ஒரு பெரிய வணிக வளாகத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். இந்த வளாகமும் பின்னால் கதைக்குள் வரும்.

பக்கத்தில் லாங் பீச் என்ற பெரிய நகரம் இருக்கும்போது அதோடு சேர்ந்துவிட வேண்டியதுதானே?

லாங் பீச்சும் அதைத்தான் சொன்னது. துறைமுகமும் எண்ணெய்க் கிணறுகளும் உள்ள பணக்கார நகரம் அது. லேக்வுட்டை மொத்தமாகச் சேர்த்துக்கொள்ள வாக்கெடுப்பு நடத்தினால் தோற்கலாம் என்பதால், துண்டு துண்டாக இணைக்கும் வழியை எடுத்தது. ஒரு பகுதியின் எல்லையை வரைந்து, அங்கே மட்டும் வாக்கெடுப்பு நடத்தி, ஜெயித்தால் சேர்த்துக்கொள்வது. அப்புறம் அடுத்த துண்டு. எல்லைக்கோட்டை எங்கே வரைவது என்பது இணைக்கிறவர் கையில் இருந்தால், ஆதரவு இருக்கும் தெருக்கள் உள்ளே வரும், எதிர்ப்பு இருக்கும் தெருக்கள் வெளியே நிற்கும். தேர்தலில் பாதி வேலை வரைபடத்திலேயே முடிந்துவிடும். பன்னிரண்டு வாக்காளர்கள்கூட இல்லாத காலி நிலம் என்றால் இன்னும் சுலபம், குடியிருப்பவர் வாக்கே தேவைப்படாது.

1950-களின் தொடக்கத்தில் லேக்வுட்டின் மேற்குப் பக்கம் இப்படித்தான் கரைந்தது. பழைய லேக்வுட் வில்லேஜே லாங் பீச்சுக்குள் போய்விட்டது. மீதி இருந்தவர்களுக்கு மூன்று வழிகள் இருந்தன. சும்மா இருந்து துண்டு துண்டாகப் போவது, மொத்தமாக லாங் பீச்சில் சேர்வது, அல்லது தனி நகரமாகிவிடுவது. ஒரு நகரத்தின் எல்லைக்குள் இருக்கும் நிலத்தை இன்னொரு நகரம் இணைக்க முடியாது. அந்தச் சட்டப் பாதுகாப்புதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது.

சுயாட்சிக் கனவு, ஊர்ப்பெருமை என்றெல்லாம் பின்னால் எழுதிக்கொள்ளலாம். எனக்குத் தெரிந்தவரை இது முதலில் ஒரு வேலி. வேலிக்கு உள்ளே என்ன இருக்க வேண்டும் என்பதைப் பிறகுதான் யோசித்தார்கள்.

தனி நகரம் என்றால் போலீஸ், தீயணைப்பு எல்லாம் புதிதாக அமைக்க வேண்டுமே, பணம்?

எதிர்த்தவர்களும் இதைத்தான் கேட்டார்கள். அதற்குப் பதில் சொன்னவர் ஜான் டாட் என்ற உள்ளூர் வழக்கறிஞர். கவுன்டியின் போலீஸான ஷெரிஃப் துறை ஏற்கெனவே இங்கே ரோந்து வருகிறது, கவுன்டி தீயணைப்பு வண்டி ஏற்கெனவே வருகிறது, சாலையைக் கவுன்டி ஆட்கள்தான் செப்பனிடுகிறார்கள். அவர்களையே வைத்துக்கொள்வோம், ஆனால் இனி நாம் காசு கொடுத்து வாங்கும் சேவையாக வைத்துக்கொள்வோம் என்றார் அவர்.

யோசனை முழுக்கப் புதிதல்ல. சின்ன நகரங்கள் அதற்கு முன்பும் வரி மதிப்பீடு மாதிரி ஒன்றிரண்டு வேலைகளைக் கவுன்டியிடம் ஒப்படைத்திருந்தன. ஏறக்குறைய எல்லாவற்றையும் ஒப்பந்தத்தில் வாங்கிக்கொண்டு, விரல் விட்டு எண்ணும் அளவு ஊழியர்களோடு ஒரு நகரத்தையே தொடங்கியதுதான் புதுசு. இதற்கு 'லேக்வுட் திட்டம்' என்றே பெயர் வந்துவிட்டது. இப்படி நடக்கும் ஊர்களை ஒப்பந்த நகரங்கள் என்பார்கள்.

வாக்கெடுப்பில் என்ன ஆனது?

1954 மார்ச் 9. ஆதரவு 7,254, எதிர்ப்பு 4,868. தெளிவான வெற்றி, ஆனால் ஐந்து பேரில் இரண்டு பேர் வேண்டாம் என்றவர்கள். ஏப்ரல் 16 அன்று நகரம் சட்டப்படி பிறந்தது. அன்றைக்கு மக்கள்தொகை சுமார் 71,000. அதுவரை அமெரிக்காவில் அவ்வளவு பெரிய குடியிருப்பு எதுவும் ஒரே நாளில் நகரமானதில்லை. லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டியில் 1939-க்குப் பிறகு புது நகரமே பிறக்காமல் இருந்த வறட்சியும் அன்று முடிந்தது.

முதல் மேயர் ஆஞ்சலோ இயாகோபோனி. இன்று அவர் பெயரில் ஒரு நூலகம் இருக்கிறது. அதை நடத்துவது நகரம் அல்ல, கவுன்டி! ஒப்பந்த நகரத்தின் முதல் மேயருக்கு இதைவிடப் பொருத்தமான நினைவகம் கிடைக்காது. ஜான் டாட் நகரத்தின் வழக்கறிஞராகச் சேர்ந்து ஐம்பது ஆண்டுகள் அந்தப் பதவியில் இருந்தார்.

ஷெரிஃப் ஆட்கள் கவுன்டி ஊழியர்கள். நகர மன்றம் சொல்வதைக் கேட்பார்களா?

சீருடை கவுன்டியுடையது, சம்பளமும் கவுன்டி வழியாக. ஆனால் எத்தனை ரோந்துக் கார், எந்த நேரத்தில், போக்குவரத்துக்கு எத்தனை பேர் என்பதை விலைப்பட்டியல் பார்த்து முடிவு செய்வது நகர மன்றம். ஒரு காரை வருடம் முழுவதும் இருபத்து நான்கு மணி நேரமும் ஓட்ட இவ்வளவு என்று கணக்கு இருக்கும். பணம் இருந்தால் கூட ஒன்று, இல்லையென்றால் ஒன்று குறைவு. யாரை வேலைக்கு எடுப்பது, எப்படிப் பயிற்சி கொடுப்பது என்பதில் நகரத்துக்குப் பேச்சு கிடையாது. ஷெரிஃப் கவுன்டி முழுவதற்கும் தேர்தலில் வருபவர், லேக்வுட் மன்றத்தால் அவரை நீக்க முடியாது. திருப்தி இல்லையென்றால் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு சொந்தப் போலீஸ் அமைத்துக்கொள்ளலாம். அந்தச் செலவை நினைத்தே பெரும்பாலான நகரங்கள் பேரம் பேசுவதோடு நிறுத்திக்கொள்கின்றன.

வாடகைக்கு வாங்குகிறவர்கள் புதிதாக எதுவும் செய்ய மாட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. ஹெலிகாப்டரில் வழக்கமான போலீஸ் ரோந்து என்பதை 1966-இல் 'ஸ்கை நைட்' என்ற பெயரில் சோதித்துப் பார்த்தது லேக்வுட்தான்.

நடைமுறையில் எதற்கு யாரைக் கூப்பிடுவது?

திருட்டு என்றால் ஷெரிஃபின் லேக்வுட் நிலையம். அதே நிலையம் ஆர்டீசியா, பெல்ஃபிளவர், ஹவாயியன் கார்டன்ஸ், பாராமவுன்ட் ஊர்களையும் பார்க்கிறது. தீ என்றால் கவுன்டி தீயணைப்பு மாவட்டம். அதற்கான தொகை நகர பட்ஜெட்டில் வராது, சொத்து வரியிலிருந்து நேராகப் போய்விடும். தெருவில் குழி, மரக்கிளை, பூங்கா, வீட்டில் ஒரு அறை கூடுதலாகக் கட்ட அனுமதி என்றால் நகராட்சி அலுவலகம். புத்தகம் என்றால் கவுன்டி.

பள்ளி தனிக்கதை. பள்ளி மாவட்டங்களுக்கும் நகரத்துக்கும் சம்பந்தமே இல்லை. அவற்றுக்குத் தனி எல்லை, தனித் தேர்தல். லேக்வுட்டுக்குள் நான்கு பள்ளி மாவட்டங்கள் வருகின்றன. லாங் பீச்சோடு சேர மாட்டோம் என்று வாக்களித்த ஊரின் பிள்ளைகளில் பலர் இன்றும் லாங் பீச் பள்ளி மாவட்டத்தில்தான் படிக்கிறார்கள். லேக்வுட்டில் வீடு தேடுகிறவர்கள் நகரத்தின் பெயரைப் பார்த்து ஏமாறாமல், அந்த முகவரி எந்தப் பள்ளி மாவட்டத்தில் வருகிறது என்று தனியாகப் பாருங்கள்.

நகரத்துக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது?

அந்த வணிக வளாகத்தை ஞாபகம் இருக்கிறதா? 1950-களின் தொடக்கத்தில் மே கம்பெனியின் பெரிய கடையோடு திறந்த லேக்வுட் சென்டர், நகர எல்லைக்குள் பத்திரமாக இருந்தது. 1955-இல் மாநிலம் பிராட்லி-பர்ன்ஸ் சட்டத்தைக் கொண்டுவந்தது. கடையில் விற்கும் பொருளின் விலையில் ஒரு சதவீதம், விற்பனை வரியாக, அந்தக் கடை இருக்கும் நகரத்துக்கே. வாங்குகிறவர் எந்த ஊர்க்காரர் என்பது கணக்கில் வராது. பெரிய கடைவீதி உள்ள சின்ன நகரத்துக்கு இது லாட்டரி அடித்த மாதிரி. கவுன்டியிடம் சேவை வாங்கிக்கொள்ளலாம், அதற்குப் பக்கத்து ஊர்க்காரர்கள் செலவழிக்கும் பணத்திலிருந்தே வரி வரும் என்ற நிலையில், வீட்டுக்காரர்களிடம் கூடுதல் சொத்து வரி கேட்காமலே ஒரு நகரத்தை ஓட்டலாம் என்று ஆனது.

1978-இல் மக்கள் வாக்கெடுப்பில் வந்த 13-ஆம் முன்மொழிவு சொத்து வரியைச் சொத்து மதிப்பில் ஒரு சதவீதத்தில் கட்டிப்போட்டதும் எல்லா நகரங்களும் விற்பனை வரிக்கு அலையத் தொடங்கின. கலிஃபோர்னிய நகரங்கள் கார் ஷோரூமையும் பெரிய கடைகளையும் சலுகை கொடுத்து இழுப்பதற்குக் காரணம் இதுதான். குடும்பங்கள் குடிவந்தால் செலவு, கடை வந்தால் வரவு.

மற்ற ஊர்களும் இதைப் பின்பற்றினவா?

வெள்ளம் மாதிரி. அடுத்த சில ஆண்டுகளில் லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டியில் மட்டும் இருபதுக்கும் மேற்பட்ட நகரங்கள் பிறந்தன, ஏறக்குறைய எல்லாமே ஒப்பந்த நகரங்கள். 1957-இல் இவர்களுக்கென்று ஒரு சங்கமே வந்துவிட்டது.

எனக்குப் பிடித்தது செரிட்டோஸின் கதை. 1956-இல் அதன் பெயர் டெய்ரி வேலி. பால்பண்ணைக்காரர்கள், வீட்டுமனைகள் வந்து பண்ணைகளை விழுங்கிவிடக் கூடாது என்று நகரமானார்கள். மனிதர்களைவிட மாடுகள் பல மடங்கு அதிகம் இருந்த நகரம். வேலி பத்து வருடம்தான் தாக்குப்பிடித்தது. நிலத்தின் விலை ஏறியதும் பண்ணைக்காரர்களே விற்றுவிட்டுப் போனார்கள், 1967-இல் பெயரும் மாறியது. பக்கத்து ஆர்டீசியாவும் 1959-இல் நகரமானது.

மறுபக்கம் சிட்டி ஆஃப் இண்டஸ்ட்ரி. 1957-இல் தொழிற்சாலைகளுக்காகவே தொடங்கிய நகரம். நகரமாக 500 பேர் வேண்டும் என்பது அன்றைய சட்டம். அந்தக் கணக்கை எட்ட ஒரு மருத்துவ இல்லத்தின் நோயாளிகளையும் சேர்த்து எண்ணினார்கள். இன்றும் அங்கே குடியிருப்பவர்கள் சில நூறு பேர்தான். குதிரை, தோட்டம், பெரிய மனை என்று வாழும் பணக்கார ரோலிங் ஹில்ஸும் அதே ஆண்டு வேலி போட்டுக்கொண்டது.

அப்படியானால் இந்தத் திட்டத்தில் குறையே இல்லையா?

இருக்கிறது, சின்னதும் இல்லை. ஒரு கோடு உள்ளே இருப்பவரைக் காப்பாற்றும்போதே வெளியே இருப்பவரை விட்டுவிடுகிறது. கடைவீதியும் தொழிற்சாலையும் உள்ள இடங்கள் தனித்தனி நகரமாகிப் போனதும், வருமானம் இல்லாத ஏழைப் பகுதிகள் கவுன்டியின் கையிலும் பழைய நகரங்களின் கையிலும் மிஞ்சின. யாரும் அவற்றை இணைக்க விரும்பவில்லை.

நிறப் பாகுபாட்டையும் சொல்லாமல் விட முடியாது. வெள்ளையருக்கு மட்டும் விற்க வேண்டும் என்ற பத்திர நிபந்தனைகளை நீதிமன்றம் அமல்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் 1948-இலேயே சொல்லிவிட்டது. ஆனாலும் 1950-களின் புறநகர் விற்பனை அலுவலகங்களில் கறுப்பினக் குடும்பங்களுக்குக் கதவு திறக்கவில்லை, லேக்வுட்டும் விலக்கல்ல. இன்றைய லேக்வுட் எல்லா இனத்தவரும் கலந்து வாழும் ஊர். ஆனால் முன்பணம் இல்லாமல் வீடு வாங்கி சொத்து சேர்த்த முதல் தலைமுறையில் யார் இருந்தார்கள் என்பது மாறிவிடவில்லை.

மூன்றாவது, பணத் தகராறு. கவுன்டி ஒப்பந்த நகரங்களுக்கு மலிவாகக் கொடுக்கிறது, அந்த இடைவெளியை மற்ற வரிகட்டுபவர்கள் நிரப்புகிறார்கள் என்று சொந்தப் போலீஸ் வைத்திருந்த நகரங்கள் பல காலம் புகார் சொல்லின. கவுன்டியின் பொது நிர்வாகச் செலவை ஒப்பந்த நகரங்கள் தலையில் கட்டக் கூடாது என்று 1973-இல் மாநிலம் சட்டமே போட்டது. ஒப்பந்த நகரங்களுக்கு ஜெயம். அது நியாயமா என்றால், எந்தப் பக்கக் கோட்டுக்குள் உங்கள் வீடு இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்களா?

லேக்வுட்டில் இல்லை. ஐந்து மன்ற உறுப்பினர்களை மக்கள் தேர்ந்தெடுப்பார்கள், அவர்கள் தங்களுக்குள் ஒருவரை மேயராக்குவார்கள். மேயர் கூட்டத்தை நடத்துவார், விழாவில் ரிப்பன் வெட்டுவார். அன்றாட நிர்வாகம் மன்றம் நியமிக்கும் நகர மேலாளர் கையில். மன்ற உறுப்பினர் பதவி பகுதிநேர வேலை.

கூட்டத்துக்கு யார் வேண்டுமானாலும் போகலாமா?

போகலாம், பேசவும் செய்யலாம். 1953-இன் பிரவுன் சட்டப்படி மன்றக் கூட்டங்கள் திறந்தவையாக இருக்க வேண்டும், என்ன பேசப்போகிறார்கள் என்பதை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். போகிறவர்கள் குறைவு என்பதுதான் பிரச்சினை. இதே கவுன்டியில் பெல் என்ற சின்ன நகரம். 2005-இல் அங்கே நடந்த ஒரு வாக்கெடுப்பில் நானூறு பேர்கூட வாக்களிக்கவில்லை. அந்த வாக்கெடுப்புதான் நகரத்தை மாநிலத்தின் சம்பளக் கட்டுப்பாடுகளிலிருந்து விடுவித்தது. 2010-இல் நகர மேலாளர் ராபர்ட் ரிஸ்ஸோ ஆண்டுக்கு எட்டு லட்சம் டாலரை ஒட்டிச் சம்பளம் வாங்குகிறார் என்று நாடே அறிந்தது. அவர் சிறைக்குப் போனார். நகரம் சின்னதாக இருந்தால் கண்காணிப்பு தானாக வந்துவிடும் என்று நினைப்பவர்கள் பெல்லைப் பார்க்கலாம்.

இன்று யாராவது புதிதாக நகரம் தொடங்க முடியுமா?

முடியும், ஆனால் 1954 மாதிரி எளிதல்ல. கண்டபடி நகரங்கள் முளைத்ததைப் பார்த்து 1963-இல் ஒவ்வொரு கவுன்டிக்கும் ஓர் எல்லை ஆணையம் அமைத்தார்கள். இப்போது குறைந்தது 500 பதிவு செய்த வாக்காளர்கள் வேண்டும், நான்கில் ஒரு பங்கு வாக்காளர்களின் கையெழுத்து வேண்டும். நகரம் தன் காலில் நிற்குமா என்று கணக்கு ஆய்வு நடக்கும். நகரம் பிரிந்துபோவதால் கவுன்டிக்கு நஷ்டம் வரக் கூடாது என்ற விதியும் 1990-களில் சேர்ந்தது. அதன் பிறகுதான் வாக்கெடுப்பு.

எல்லாம் தாண்டினாலும் அடி விழலாம். ரிவர்சைட் கவுன்டியில் ஜுருபா வேலி 2011 ஜூலை 1 அன்று நகரமானது. அதே சமயத்தில் மாநிலம் தன் பட்ஜெட் ஓட்டையை அடைக்க, புது நகரங்களுக்குக் கொடுத்துவந்த வாகன உரிமக் கட்டணப் பங்கை எடுத்துக்கொண்டது. பிறந்த குழந்தையின் பால் புட்டியைப் பிடுங்கிய கதை. நகரத்தைக் கலைத்துவிடலாமா என்கிற அளவுக்குப் போனார்கள், 2017-இல்தான் நிதி திரும்பியது. அந்தப் பயத்திலோ என்னவோ, பதின்மூன்று ஆண்டுகள் கலிஃபோர்னியாவில் ஒரு புது நகரமும் வரவில்லை. 2024 ஜூலையில் மவுன்டன் ஹவுஸ் வந்தது. இந்தியக் குடும்பங்கள் நிறைய இருக்கும் ஊர் என்பதால் உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும்.

நகரத்தைக் கலைக்கவும் முடியுமா?

முடியும், அபூர்வம். 1955-இல் நகரமான கபசோன், 1972-இல் அங்கிருந்தவர்களே வாக்களித்துக் கலைத்துக்கொண்டது. அன்று சுமார் நூறு பேரே குடியிருந்த தொழிற்சாலை நகரமான வெர்னனை 2011-இல் மாநிலச் சட்டமன்றம் கலைக்கப் பார்த்தது, கீழவையில் நிறைவேறிய மசோதா மேலவையில் விழுந்தது.

நான் லேக்வுட் வில்லேஜில் இருக்கிறேன். லேக்வுட் மன்றத் தேர்தலில் எனக்கு ஏன் வாக்கு இல்லை?

நீங்கள் லாங் பீச்காரர். முதலில் நினைவில் வைக்கச் சொன்ன குழப்பம் இதுதான். லேக்வுட் என்ற பெயரை முதலில் வைத்துக்கொண்ட இடம் லேக்வுட் நகரத்துக்குள் இல்லை. தபால் முகவரியை நம்பாதீர்கள், தபால் துறை தன் வசதிக்கு ஊர்ப்பெயர் வைக்கும். உங்கள் சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், எந்த நகரத்துக்குள் இருக்கிறீர்கள் என்பது அதில் தெரிந்துவிடும்.